ஒரு லைசென்ஸ், நாலு பேர், ஐரோப்பா!

ஐரோப்பாவை காரிலேயே சுத்திப் பார்க்கணும்னா முதல்ல என்ன வேணும்? பணம்னு சொல்வீங்க. விசான்னு சொல்வீங்க. பத்து மணி நேரத்துக்கு நல்ல பாட்டு வேணும்னு சொல்ற ஆளும் உங்க கிளாஸ்ல கண்டிப்பா இருப்பாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். 2025 ஜூன் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் கிச்சன்ல மேப்பை விரிச்சு வெச்சு வெனிஸா, பாரிஸான்னு சண்டை போட்டுட்டு இருந்தோம். எங்க நாலு பேர்ல ஒருத்தருக்குக்கூட ஒரு கேள்வி தோணவே இல்ல. 'சரி... வண்டியை யாரு ஓட்டுறது?'

இடம், மான்ஹைம். தென்மேற்கு ஜெர்மனியில ரைன் ஆறும் நெக்கார் ஆறும் கலக்குற ஊர். ஊர் நடுவுல தெருவுக்குப் பேரே கிடையாது பாஸ்! சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எழுத்து, ஒரு நம்பர். 'க்யூ 7-ல இருக்கேன், வா'ன்னு போன்ல சொன்னா, வந்துடலாம். உலகத்தின் முதல் மோட்டார் காரை கார்ல் பென்ஸ் உருவாக்கினதும் இந்த ஊர்லதான். 1886-ல பேட்டன்ட் வாங்கினார். அந்த ஊர்ல இருந்துகிட்டு பஸ், ட்ராம்னு காலத்தை ஓட்டினா நல்லாவா இருக்கும்?

படிக்க வந்த நாலு பேர். சேலத்துக்காரன் எதுக்கெடுத்தாலும் எக்ஸெல் ஷீட் போடுற ஆளு. கும்பகோணத்துக்காரி எங்க சமையல் மந்திரி. நான் மதுரை. நாலாவது, நெல்லைத் தம்பி. எங்களுக்கு ஜூனியர். மூணு பேர் 2024 அக்டோபர்ல வந்தோம். அவன் மட்டும் 2025 மார்ச் கடைசியில வந்தான். இந்த ஆறு மாச வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையோட மொத்தக் கதையும்.

சேலம் ஏற்கெனவே ஷீட் போட்டு வெச்சிருந்தான். மான்ஹைம்ல கிளம்பி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக், இத்தாலியின் வெரோனா, ஃப்ளோரன்ஸ், அப்படியே கடலோரமா ஃபிரான்ஸின் நீஸ், மேலே ஏறி லியோன், லக்ஸம்பர்க்கில் இருக்கிற ஷெங்கன் கிராமம், திரும்ப மான்ஹைம். சுமார் 2,500 கி.மீ., 12 நாள். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய் வந்து, மறுபடியும் ஒரு தடவை போற தூரத்துக்கும் மேல! ஷெங்கன் எதுக்குன்னு கேட்டா, 'நம்ம விசாவுக்குப் பேர் கொடுத்த ஊர் மச்சி, மரியாதை செய்ய வேணாமா?'ன்னான். வாஸ்தவம்தான். 1985 ஜூன் 14-ம் தேதி, அந்தச் சின்னக் கிராமத்துக்குப் பக்கத்துல மோசல் ஆத்துல மிதந்த ஒரு கப்பல்லதான் அஞ்சு நாடுகள் 'நமக்குள்ள எல்லைச் சோதனை வேணாம்'னு கையெழுத்துப் போட்டாங்க. இப்போ அதுல 29 நாடுகள்.

எல்லாம் ரெடி. வாடகை கார் ஃபார்மை நிரப்ப உட்கார்ந்தான் சேலம். 'லைசென்ஸ் எந்த நாடு? ஜெர்மனிக்கு எப்ப வந்தீங்க?' இந்த ரெண்டு கட்டத்துல கை நின்னுடுச்சு.

விஷயம் இதுதான். ஜெர்மனியில குடியேறின நாள்ல இருந்து ஆறு மாசம் வரைக்கும்தான் நம்ம இந்திய லைசென்ஸ் செல்லும். அதுக்கு அப்புறம் நீங்க ஊர்ல லாரியே ஓட்டியிருந்தாலும் இங்கே லைசென்ஸ் இல்லாத ஆள்தான். ஒரு வருஷத்துக்கு மேல தங்க மாட்டேன்னு நிரூபிச்சா மட்டும் இன்னும் கொஞ்ச மாசம் நீட்டிப்புக் கேட்கலாம். எக்ஸ்சேஞ்ச்ல வர்றவங்களுக்கு உதவும். ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் படிக்கிற எங்களுக்கு ஆகாது. மீறி ஓட்டினா வெறும் ஃபைன் கட்டிட்டு வர்ற சமாசாரம் இல்ல. கிரிமினல் குற்றம். ஒரு வருஷம் வரை ஜெயில் தண்டனைக்குச் சட்டத்துல இடம் இருக்கு. மாணவர் அனுமதியில இருக்கிறவங்க இப்படி ஒரு கேஸை முதுகுல சுமந்துகிட்டு அடுத்த வருஷம் அனுமதியைப் புதுப்பிக்கப் போய் நிக்கிறதை நினைச்சுப் பாருங்க. விபத்து ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்துக்கு உங்க பக்கம்தான் திரும்பும்.

எங்க மூணு பேர் லைசென்ஸும் ஏப்ரல்லயே செத்துப்போச்சு! ரெண்டு மாசமா பர்ஸ்ல பிணத்தைச் சுமந்துட்டு திரிஞ்சிருக்கோம்.

புதுசா ஜெர்மன் லைசென்ஸ் எடுக்கலாமே? எடுக்கலாம். இந்திய லைசென்ஸ் இருக்கிறதால கட்டாய வகுப்பெல்லாம் கிடையாது. ஆனா தியரி பரீட்சை, ரோட் டெஸ்ட் ரெண்டும் எழுதியே ஆகணும். பணமும் நேரமும் ஆகஸ்டுக்குள்ள நடக்காத காரியம்.

அப்போ மூலையில சேமியா உப்புமா சாப்பிட்டுட்டு இருந்த தம்பியை மூணு பேரும் திரும்பிப் பார்த்தோம். மார்ச்ல வந்தவன். அவனுக்கு செப்டம்பர் கடைசி வரைக்கும் உயிர் இருக்கு.

"தம்பி... உனக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருக்குக்கா. எங்க அப்பா மாருதியை பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு ஓட்டிருக்கேன். ஏன்க்கா?"

இன்டர்நேஷனல் பெர்மிட்டும் வெச்சிருந்தான்! அவன் எடுக்கல. 'எதுக்கும் கையில இருக்கட்டும்ல'ன்னு அவங்க அப்பா விமானம் ஏர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் 1,000 ரூபாய் கட்டி எடுத்துக் கொடுத்திருக்கார். சாம்பல் கலர் புத்தகம் மாதிரி இருக்கும். செல்லுபடி ஒரு வருஷம். இத்தாலி, ஆஸ்திரியா மாதிரி நாடுகள்ல நம்ம லைசென்ஸோட இதுவும் சேர்ந்து இருந்தாத்தான் செல்லும். இது தனியா லைசென்ஸ் கிடையாது, ஒரிஜினலுக்கு மொழிபெயர்ப்பு மாதிரி. ரெண்டும் கையில இருக்கணும். வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்புற யாரா இருந்தாலும், கார் ஓட்டுற ஐடியா இல்லைன்னாலும், ஊர்ல இருக்கும்போதே இதை எடுத்துடுங்க. எங்க அப்பா 'வெட்டிச் செலவு'ன்னார். நானும் ஆமாம்னு தலையாட்டினேன்.

ஆக, நாலு பேர் டூரோட மொத்த பாரமும் 23 வயசு ஜூனியர் ஒருத்தன் தலையில! அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "ஏக்கா, இங்க எல்லாரும் ராங் சைடுல போறாங்களே, நானும் அப்படியா போகணும்?"

வாடகை கார் ஆபீஸ்ல அடுத்த அடி விழுந்துச்சு. வண்டி ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணுமாம். டெபிட் கார்டு ஆகாது, ஊர்ல இருந்து கொண்டுவந்த ஃபாரெக்ஸ் கார்டும் ஆகாது. ஏன்னா டெபாசிட் தொகையை அவங்க கார்டுல பூட்டி வைக்கணும். வண்டி பத்திரமா திரும்பினா விடுவிப்பாங்க. மார்ச்ல வந்த பையனுக்கு எந்த பேங்க் கிரெடிட் கார்டு கொடுக்கும்? எங்கிட்ட கார்டு இருக்கு, லைசென்ஸ் இல்ல. அவன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, கார்டு இல்ல. ரெண்டையும் ஒட்ட முடியாது. மூணு இடத்துல இதே பதில். நாலாவதா ஊர் எல்லையில ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். அதை நடத்துற பெரியவர் பத்துப் பதினைஞ்சு கார் வெச்சு வாடகைக்கு விடுறார். டெபிட் கார்டு போதும், முழு இன்ஷூரன்ஸ் எடுக்கணும், 500 யூரோ முன்பணம்னார். 25 வயசுக்குக் கீழேன்னா தினமும் தனியா ஒரு கட்டணம், அதையும் போட்டார். எந்தெந்த நாட்டுக்குப் போறோம்னு கேட்டு ஒவ்வொண்ணா ஒப்பந்தத்துல எழுதினார். இதை எங்கே வாடகைக்கு எடுத்தாலும் பாருங்க. ஒப்பந்தத்துல இல்லாத நாட்டுக்குள்ள வண்டி போனா இன்ஷூரன்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு நாட்டுல எடுத்து இன்னொரு நாட்டுல விட்டா அதுக்கு வாங்குற காசுல இன்னொரு டூரே போகலாம். அதனாலதான் எங்க ரூட் வட்டமா இருந்துச்சு.

நீங்க நம்ம ஊர்ல இருந்து நேரா டூருக்கு வர்றதா இருந்தா, இந்த ஆறு மாசக் கணக்கு உங்களுக்குத் தலைவலி இல்ல. உங்க தலைவலி விசா. எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்கணும். எல்லா நாட்டுலயும் சம நாள்னா, முதல்ல கால் வைக்கிற நாடு. 2024 ஜூன்ல இருந்து கட்டணம் 90 யூரோ. விசா கிடைக்கலைன்னா பணம் திரும்ப வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். கிளம்புறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கோடையில அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது ரொம்பக் கஷ்டம், அதனால தள்ளிப் போடாதீங்க. எந்த 180 நாளை எடுத்தாலும் அதுல 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். 2025 அக்டோபர் 12-ல ஆரம்பிச்ச புது முறையில பாஸ்போர்ட்டுல சீலுக்குப் பதிலா விரல்ரேகையும் முகமும் கம்ப்யூட்டர்ல பதிவாகுது. ஒரு நாள் அதிகமா இருந்தாலும் அது சொல்லிடும். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இந்த விசா செல்லாது. லண்டனையும் ஒரே விசாவுல சேர்த்துப் பாட்டு பாடாதீங்க.

எங்களை மாதிரி ஜெர்மனியில படிக்கிறவங்களுக்கு குடியிருப்பு அட்டையும் பாஸ்போர்ட்டும் இருந்தா மத்த ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா வேணாம். ஆனா ரெண்டையும் கையில வெச்சிருக்கணும். 'எல்லையில சோதனையே கிடையாது'ங்கிறது பாதி உண்மைதான். 2024 செப்டம்பர் 16-ல இருந்து ஜெர்மனி தன்னோட எல்லா தரை எல்லைகள்லயும் சோதனையை மறுபடி கொண்டுவந்துச்சு. கறுத்த முகம் நாலு காருக்குள்ள இருந்தா, நிறுத்துவாங்களா மாட்டாங்களான்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல.

எல்லாம் கைக்கு வந்தாச்சு. ஆனா ராத்திரி படுத்தா தூக்கம் வரல. ஒரு பையன், பாளையங்கோட்டை மார்க்கெட் வரைக்கும் ஓட்டினவன். அவனை நம்பி ஆல்ப்ஸ் மலைக்கு ஏறப் போறோம். கும்பகோணம்தான் வாய்விட்டுச் சொன்னா. "டீ, முதல்ல ஒரு நாள் சும்மா ஓட்டிப் பார்ப்போம்டீ. எங்க அம்மாவுக்கு நான் ஒரே பொண்ணு."

ஜூலை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஞாயிறு ஏன்னா, ஜெர்மனியில அன்னிக்கு ராத்திரி 10 மணி வரைக்கும் கனரக லாரிகள் ஓடக் கூடாது. ரோடு காலியா இருக்கும். சனிக்கிழமை சாயங்காலமே பெரியவர்கிட்ட வண்டியை எடுத்துட்டோம். எங்கே போறதுன்னு யோசிக்கவே வேண்டாம். மான்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம். உலகத்துலயே முதல் நெடுந்தூர கார் பயணம் நடந்த ரோடு!

1888 ஆகஸ்ட். கார்ல் பென்ஸ் காரைக் கண்டுபிடிச்சுட்டாரே தவிர, வாங்க ஆள் இல்ல. அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், புருஷன்கிட்ட சொல்லாம, பதின்வயசுப் பசங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு, விடியக்காலையில வண்டியை எடுத்துட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. 100 கி.மீ.க்கு மேல! விசா இல்ல, மேப் இல்ல, பெட்ரோல் பங்க்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல. எரிபொருள் குழாய் அடைச்சுக்கிச்சு, தொப்பி ஊசியை விட்டுக் குத்தி எடுத்தாங்க. ஒரு வயர் கரண்ட் கசிஞ்சது, காலுறைப் பட்டையைக் கழட்டிச் சுத்தினாங்க. மேட்டுல வண்டி ஏறல, பசங்க இறங்கித் தள்ளினாங்க. பிரேக் கட்டை தேய்ஞ்சது, செருப்புத் தைக்கிறவர்கிட்ட கொடுத்துத் தோல் அடிக்கச் சொன்னாங்க. அந்தப் பயணத்துக்கு அப்புறம்தான் ஊர் உலகம் காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சது. கண்டுபிடிச்சவர் பேரு எல்லாருக்கும் தெரியும். ஓட்டிக் காட்டினவங்க பேரு எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்க?

காலை ஆறு மணி. நெல்லை சீட்ல உட்கார்ந்தான். இடது கையால கியரைத் தேடினான், கதவுல போய் டொக்குன்னு இடிச்சது. கியர் வலது பக்கம்! முதல் திருப்பத்துல இண்டிகேட்டர் போட்டான். வைப்பர் சர்க் சர்க்குன்னு ஆடிச்சு. நம்ம ஊர் வண்டியில இண்டிகேட்டர் வலது கையில, இங்கே இடது கையில. வானம் கண்ணாடி மாதிரி இருக்கு, ஒவ்வொரு திருப்பத்துக்கும் எங்க வண்டி மட்டும் மழையைத் துடைக்குது. ட்ராம் ஸ்டாப்ல நின்ன ஒரு பாட்டி வானத்தை அண்ணாந்து பார்த்தாங்க.

வலது பக்கம் ஓட்டுறது நினைச்ச அளவு கஷ்டம் இல்ல. முன்னாடி ஒரு வண்டி போனா அது பின்னாடியே போயிடலாம். மறந்துபோறது வேற ரூல்ஸ்தான். சிக்னலோ போர்டோ இல்லாத சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்ற வண்டிக்கு வழிவிடணும், அது எவ்வளவு சின்னச் சந்துல இருந்து வந்தாலும் சரி. மஞ்சள் வைர வடிவ போர்டு இருந்தா, நம்ம ரோடுதான் ராஜா. வலது பக்கம் திரும்பும்போது நமக்கு வலதுல வர்ற சைக்கிளுக்கு வழிவிடணும். ஜீப்ரா கிராஸிங்ல ஆள் நின்னா வண்டி நின்னே ஆகணும். ஹாரன்? அப்படி ஒண்ணு ஸ்டியரிங்ல இருக்கிறதையே மறந்துடுங்க. நம்மாளுக்கு அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு, ரெண்டு தடவை கை போயிட்டுத் திரும்ப வந்தது.

ஹைடல்பெர்க் தாண்டி வீஸ்லோக் வந்தோம். இங்கேதான் பெர்த்தா பென்ஸ் ஒரு மருந்துக் கடையில நின்னு, துணியில கறை எடுக்கிற லிக்ராயின்ங்கிற திரவத்தை வாங்கி வண்டிக்கு ஊத்தினாங்க. 'உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க்'னு அந்தக் கடைக்குப் பேர். முன்னாடி ஒரு நினைவுச் சின்னமும் இருக்கு. போட்டோ எடுத்துட்டு, பக்கத்துல நிறுத்தின வண்டியில ஏறினோம். ஞாயித்துக்கிழமை காலை. ரோட்டுல ஈ காக்கா இல்ல. நெல்லை கொஞ்சம் தைரியமா, சிரிச்சுப் பேசிக்கிட்டே வண்டியை எடுத்தான். நான் முன் சீட்ல மேப்பைப் பார்த்துட்டு இருந்தேன். ரொம்ப வசதியா, ரொம்ப இயல்பா போயிட்டு இருந்தது. ஊர்ல போற மாதிரியே.

ஊர்ல போற மாதிரியேதான் போயிட்டு இருந்தோம். இடது பக்கமா!

வளைவுல ஒரு வெள்ளை கார். கும்பகோணம் பின்னாடி இருந்து "வலது! வலது!"ன்னு கத்தினா. அவன் ஸ்டியரிங்கை ஒடிச்சான். அந்த காரும் பிரேக் போட்டு நின்னுடுச்சு. நடுவுல ஒரு மூணு மீட்டர் இருந்திருக்கும். அதை ஓட்டினவர் கத்தல, திட்டல. கண்ணாடியை இறக்கி, எங்க நாலு பேரையும் ஒரு தடவை பார்த்துட்டு, வலது பக்கத்தைக் கையால காட்டிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தா தேவலை.

நெல்லை வண்டியை ஓரமா நிறுத்தினான். சாவியை எடுத்து என் கையில வெச்சான். "அக்கா, என்னால முடியாதுக்கா. உங்க எல்லாரையும் வெச்சுகிட்டு..." அதுக்கு மேல பேசல. கை நடுங்கிட்டு இருந்தது.

யாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. 'பரவால்லடா, ஓட்டு'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லவும் கூடாது. சாவி என் கையில இருந்தாலும் நான் ஓட்ட முடியாது. வண்டியை அங்கேயே விட்டுட்டு ட்ரெயின்ல போயிடலாமான்னுகூட சேலம் யோசிச்சான். கும்பகோணம்தான் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தா. நடைபாதையில உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு மணி நேரம். அப்புறம் அவனே கேட்டான், "சேலம் அண்ணே, அந்த ஷீட்டைக் காட்டுங்க."

ஷீட்டை வாங்கிப் பார்த்தான். நீஸ்-லியோன் ஒரே நாள்ல 470 கி.மீ. லியோன்-ஷெங்கன் இன்னொரு 480. அவ்வளவையும் ஓட்டப் போறது ஒருத்தன். இதைப் போட்ட சேலம் ஓட்டப் போறதில்ல, தலையாட்டின நானும் ஓட்டப் போறதில்ல. நாங்க மூணு பேரும் அவனைக் கேட்காமலேயே அவன் கையை வெச்சுக் கணக்குப் போட்டிருக்கோம். சீனியருங்க சொன்னாங்கன்னு அவனும் சும்மா இருந்திருக்கான்.

அங்கேயே, மருந்துக் கடை எதிர்ல, ஷீட்டை வெட்டினோம். அவன் வெச்சதுதான் சட்டம். ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்ட மாட்டான். இருட்டினா ஓட்ட மாட்டான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வண்டிக்கும் அவனுக்கும் லீவு. முன் சீட்ல யார் உட்கார்ந்தாலும் போன் பார்க்கக் கூடாது, வண்டி ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் 'வலது'ன்னு சத்தமா சொல்லணும். இந்தக் கணக்குல ஃபிரான்ஸ் போச்சு. கடல் போச்சு. சேலம் ஆசைப்பட்ட ஷெங்கன் போச்சு. அவன் முகத்தைப் பார்க்கவே பாவமா இருந்தது. ஃப்ளோரன்ஸை மட்டும் கும்பகோணம் விடமாட்டேன்னா. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சோம். வண்டி வெரோனாவிலேயே தூங்கட்டும், நாம ட்ரெயின்ல போய் வருவோம். பின்னாடி யோசிச்சா அதுதான் புத்திசாலித்தனம். இத்தாலியின் பழைய நகரங்களோட நடுப்பகுதியில உள்ளூர் வண்டிகளைத் தவிர மத்ததுக்கு அனுமதி கிடையாது. வாசல்ல போலீஸ் நிக்காது, கேமரா மட்டும் நிக்கும். சில மாசம் கழிச்சு அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

மான்ஹைம், இன்ஸ்ப்ரூக், ப்ரென்னர் கணவாய் வழியா வெரோனா, கோமோ ஏரி, கோட்ஹார்ட், பாசல், மான்ஹைம். சுமார் 1,500 கி.மீ., 10 நாள். திரும்பும்போது ஆட்டோபானையும் தொட்டுப் பார்த்துடலாம்னு ஏ8, ஏ5 வழியா வந்தோம். வலது ஓரத்துல 100-லயே. இடது பக்கமாத்தான் ஓவர்டேக் பண்ணணும். கண்ணாடியில புள்ளி மாதிரி தெரிஞ்ச கார், நீங்க திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள உங்களைத் தாண்டிப் போயிருக்கும். வண்டிகள் தேங்கி நின்னா, இடது லேன்ல இருக்கிறவங்க இடது ஓரமாவும் மத்தவங்க வலது ஓரமாவும் ஒதுங்கி நடுவுல ஆம்புலன்ஸுக்கு வழி விடணும். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடியே! விடலைன்னா குறைஞ்சது 200 யூரோ. பெட்ரோல் தீர்ந்து ஆட்டோபான்ல நின்னாலும் அபராதம்தான்.

அடுத்த மூணு வாரம் சில்லறை வேலைகள். செலவுக் கணக்கு இப்படி வந்தது. கார் 540 யூரோ, பெட்ரோல் 90 லிட்டருக்கு 155, டோலும் ஸ்டிக்கரும் சேர்த்து 100. மொத்தம் 795. தலைக்கு சுமார் 200. கூடாரம் அடிக்கிற கேம்ப்பிங் மைதானங்கள்ல ஒன்பது ராத்திரிக்கு 160, சாப்பாடும் ஃப்ளோரன்ஸ் ட்ரெயினும் 140. ஆக தலைக்கு 500 யூரோ. 2025-ல ஜெர்மனியின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. நான் பேக்கரியில 39 மணி நேரம் நின்னா ஐரோப்பா!

ஒவ்வொரு நாட்டுக்கும் டோல் வேற மாதிரி. ஜெர்மனியில காருக்கு ஹைவே இலவசம். ஆஸ்திரியாவுக்கு நாள் கணக்குல வின்யெட் வாங்கணும், எல்லைக்கு முன்னாடி இருக்கிற பங்க்கிலேயே கிடைக்கும். ப்ரென்னர் ரோட்டுக்குத் தனிக் காசு. இத்தாலியில நம்ம ஊர் பஸ் டிக்கெட் மாதிரி ஏறும்போது சீட்டு எடுத்து, இறங்கும்போது கட்டணும். சீட்டைத் தொலைச்சா ரொம்பத் தூரத்துல இருந்து வந்ததா கணக்குப் போட்டுடுவாங்க. ஸ்விட்சர்லாந்துலதான் அநியாயம். ஒரு நாள் போனாலும் ஒரு வருஷ ஸ்டிக்கர்தான், 40 ஃப்ராங்க். 'மீதி 364 நாளுக்கு யாராவது வாடகைக்கு எடுப்பாங்களா?'ன்னு சேலம் சீரியஸா கேட்டான்.

பங்க்கில ஊத்துறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஜெர்மன்ல பென்சீன்னா பெட்ரோல். இத்தாலியில பென்சினா பெட்ரோல், கசோலியோ டீசல். ஃபிரான்ஸ்ல கசோல்னா டீசல். 'கேஸ்'னு ஆரம்பிக்குதே, பெட்ரோலாத்தான் இருக்கும்னு ஊத்தினா இன்ஜின் அம்பேல். அங்கே ஊத்திவிட ஆள் வேற கிடையாது, நம்ம கைதான்.

டிக்கி சின்னது. பெரியவர்கிட்ட அளவு கேட்டு வந்து கிச்சன் தரையில டேப் ஒட்டி டிக்கி வரைஞ்சோம். ரெண்டு பெட்டி, ஒரு கூடாரம், கேஸ் அடுப்பு. அவ்வளவுதான் அடங்கிச்சு. கும்பகோணத்தோட புளிக்காய்ச்சலும் மிளகாய்ப் பொடியும் உள்ளே, என்னோட மூணாவது ஜீன்ஸ் வெளியே. ஒளிரும் மேல்சட்டை நாலு வாங்கி டிக்கியில வைக்காம சீட்டுக்கு அடியில வெச்சோம். வண்டி நின்னா அதைப் போட்டுகிட்டுத்தான் இறங்கணும். முக்கோண எச்சரிக்கை போர்டு, முதலுதவிப் பெட்டி இருக்கான்னு பார்த்தோம். ஸ்டெப்னி இருக்கான்னும் பார்த்தோம், இல்ல! நிறைய புது வண்டிகள்ல பங்சர் ஒட்டுற மருந்துதான் கொடுக்கிறாங்க. அதை எப்படிப் போடுறதுன்னு பெரியவரே செஞ்சு காட்டினார். எந்த நாட்டுல எது ஆனாலும் 112.

கோட்ஹார்ட்ல மட்டும் ஒரு சண்டை பாக்கி இருந்துச்சு. 1980-ல திறந்த 17 கி.மீ. சுரங்கமா, 2,106 மீட்டர் உயரத்துல கணவாய் ரோடா? சுரங்கம் சுலபம், ஆனா கோடையில வாசல்ல வண்டிகள் மணிக்கணக்கா நிக்கும். மூணு பேரும் ஒண்ணும் சொல்லல. ஓட்டுறவன் சொல்லட்டும்னு அவனைப் பார்த்தோம். போன்ல கணவாய் ரோட்டுப் படத்தை ரொம்ப நேரம் பெருசாக்கிப் பார்த்தான். "எங்க மாஞ்சோலை ரோட்டைவிட அகலமாத்தான் இருக்கு. மேல போவோம்க்கா. மழைன்னா சுரங்கம்."

ஆகஸ்ட் 10, காலை அஞ்சரை. பெரியவர் முந்தின நாளே எங்களோட வண்டியைச் சுத்தி வந்து, இருந்த கீறல் எல்லாத்தையும் எங்களை வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தார். நெல்லையோட அப்பா வீடியோ கால்ல. அங்கே மணி ஒன்பது. "டயர்ல காத்து பார்த்தியால?"ன்னார். பார்த்துட்டேன்ப்பான்னான். சேலம் முன் சீட்ல, போன் பைக்குள்ள. நான் பின்னாடி, மடியில புளிக்காய்ச்சல் பாட்டில்.

சாவியைத் திருகினான். இண்டிகேட்டர் போட்டான்.

வைப்பர் ஆடிச்சு.

"வலது!"ன்னோம் மூணு பேரும்.